நுண்ணலை லென்ஸும் அலைநீளமும்: மாணவர் பகுதிக் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் சென்ற வாரம் வெளிவந்த, நுண்ணலைகளை (மைக்ரோவேவ்) லென்ஸ் கொண்டு குவிப்பது பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். பள்ளி மாணவர்களுக்காக இப்படியொரு பொருளைத் தமிழில் எழுத முன்வந்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அக்கட்டுரை சொல்லும் இரண்டு செய்திகளைத் திருத்தாமல் விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவது போலவே, உள்ளங்கை அளவு லென்ஸ் ஒன்றையோ தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையையோ கொண்டு மைக்ரோவேவ் அடுப்பின் ஆற்றலை ஊசிமுனை அளவு புள்ளியில் குவிக்கலாம் என்பது ஒன்று. அதற்கு வேண்டிய, நுண்ணலைகளை உண்டாக்கும் உறுப்பான மேக்னெட்ரானைப் பழுதான அடுப்பிலிருந்து கழற்றிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முதலாவது இயற்பியலுக்கு ஒவ்வாதது. இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நுண்ணலைக் கருவிகளோடு பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எந்த லென்ஸும், அது எந்த அலைக்கானதாக இருந்தாலும், தன் குறுக்களவில் எத்தனை அலைநீளங்கள் அடங்குகின்றன என்பதைப் பொறுத்தே வேலை செய்கிறது. கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே 5 செ.மீ. அகலமுள்ள சாதாரண உருப்பெருக்கிக்குள் ஒரு லட்சம் அலைநீளங்கள் அடங்கிவிடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓர் அலையின் நீளம் 12.2 செ.மீ. உள்ளங்கை அளவு லென்ஸின் அகலம் அதில் ஒரு முழு அலைக்குக் கூடப் போதாது. கடலலை வரும் வழியில் கிடக்கும் கூழாங்கல்லை அலை சுற்றிக்கொண்டு போய்விடுவது போல, அந்த அலையும் இந்த லென்ஸைச் சுற்றிப் போய்விடும். குவியம் என்று ஒன்று உருவாகவே உருவாகாது. எவ்வளவு பெரிய, எவ்வளவு திருத்தமான லென்ஸாக இருந்தாலும் அலைநீளத்தில் பாதியைவிடக் குறுகிய புள்ளியில் ஆற்றலைக் குவிக்க இயலாது. அடுப்பின் அலைக்கு அந்தப் பாதி 6 செ.மீ.; அது எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியது. ஊசிமுனை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுப்பின் உலோகப் பெட்டிக்குள் அலைகள் ஆறு பக்கச் சுவர்களிலும் எதிரொளித்து, முன்னே நகராமல் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும் நிலையலைகளாக நிரம்பியிருக்கின்றன. ஒரு திசையிலிருந்து வரும் கற்றை அங்கு இல்லை. கற்றை இல்லாத இடத்தில் லென்ஸ் எதைக் குவிக்கும்?

நுண்ணலைக்கு லென்ஸ் செய்ய முடியாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்ய முடியும், கையாலேயே செய்ய முடியும். அதை ஒரு கணக்கோடு சொன்னால்தான் கட்டுரையைப் படித்த மாணவர்களுக்குப் பயன்படும். கல்லூரி ஆய்வகங்களில் உள்ள நுண்ணலை மேசைகள் (நுண்ணலைச் சோதனைக் கருவிகளை வரிசையாகப் பொருத்திய மேசைகள்) பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குபவை. அதன் அலைநீளம் 3 செ.மீ. லென்ஸுக்குப் பொருள் பாரஃபின் மெழுகு. மெழுகுக்குள் நுண்ணலை ஒன்றரை மடங்கு மெதுவாகச் செல்லும். அதாவது அதன் விலகல் எண் 1.5. வெளிச்சத்தை ஊடுருவ விடாத வெள்ளை மெழுகுக் கட்டி, இந்த அலைக்குக் கண்ணாடி போல் தெளிவானது. விட்டம் 30 செ.மீ., குவியத்தொலைவு 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் தட்டையாகவும் குவியத்தை நோக்கிய பக்கம் புடைத்தும் இருக்கும்படி லென்ஸை வடிவமைத்தால், நடுவில் அதன் தடிமன் சரியாக 6 செ.மீ. வரும்.

இந்த 6 எங்கிருந்து வந்தது என்பதில்தான் லென்ஸ் வடிவமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. குவியத்திலிருந்து நேராக நடு வழியே செல்லும் அலை, காற்றில் 30 செ.மீ. கடந்து, பிறகு மெழுகில் 6 செ.மீ. கடக்கிறது. மெழுகுக்குள் அலைநீளம் 2 செ.மீ. ஆகக் குறுகிவிடுவதால், காற்றில் 10 அலைகளும் மெழுகில் 3 அலைகளுமாக மொத்தம் 13 அலைகள். விளிம்புக்குச் செல்லும் அலை காற்றில் மட்டுமே போகிறது. 36-க்கும் 15-க்கும் பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் அதன் பாதை 39 செ.மீ. என்று வரும், அதுவும் 13 அலைகள். நடுவில் சென்ற அலையும் விளிம்பில் சென்ற அலையும் ஒரே நேரத்தில், முகட்டோடு முகடு பொருந்தித் தட்டைப் பக்கத்தை அடைகின்றன. இந்தப் பொருத்தத்தை நடுவுக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு புள்ளியிலும் கொண்டுவரும் வளைவு அதிபரவளையமே (hyperbola) தவிர, பாடநூலில் நாம் வரையும் வட்டவில் அல்ல. உச்சியிலிருந்து 1 செ.மீ. ஆழத்தில் லென்ஸின் அரை அகலம் 5.6 செ.மீ.; 2 செ.மீ. ஆழத்தில் 8.1, 3-ல் 10.1, 4-ல் 11.8, 5-ல் 13.5, 6-ல் 15. இந்த ஆறு எண்களையும் வரைபடத்தாளில் குறித்து இணைத்தால் மாதிரித் தகடு வெட்டுவதற்கான கோடு கிடைத்துவிடும்.

நாங்கள் முதன்முதலில் அந்த வளைவைத் துத்தநாகத் தகட்டில் வெட்டி, ஊர்க் குயவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். சக்கரத்தில் சுழலும் ஈர மண்ணின் உட்புறத்தில் தகட்டை அழுத்திப் பிடித்து அவர் ஒரு குழித்தட்டு வனைந்தார். “மண்ணு காய்ஞ்சா சுருங்கும் சார், தகட்டைக் கொஞ்சம் பெருசா வெட்டிட்டு வாங்க” என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. காய்ந்து, சூளையில் வெந்து வந்த தட்டின் விட்டம் 30-க்குப் பதில் 27 செ.மீ.தான் இருந்தது. அடுத்த முறை தகட்டைப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பெரிதாக்கி வெட்டினோம். தட்டு சரியாக வந்தது. உட்புறம் எண்ணெய் தடவி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிய மெழுகை ஏறத்தாழ 1.8 கிலோ ஊற்றினோம். மெழுகு ஆறும்போது மேற்பரப்பின் நடுவில் கையளவு குழி விழும். அதை மீண்டும் உருகிய மெழுகால் நிரப்பி, ஆறியபின் எஃகு அளவுகோலின் விளிம்பால் சுரண்டிச் சமப்படுத்த வேண்டும். ஒரே மூச்சில் ஊற்றினால் உள்ளே காற்றுக்குமிழ் தங்கிவிடும் என்பதால் பொறுமையாக, படிப்படியாக ஊற்ற வேண்டும்.

கைவேலையில் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய வந்துவிட்டால் லென்ஸ் வீணாகிவிடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். இங்குதான் நுண்ணலையின் பெருந்தன்மை தெரிகிறது. அலையின் பாதையில் அலைநீளத்தில் பதினாறில் ஒரு பங்கு வரை பிழை இருக்கலாம் என்று கொண்டால், இந்த மெழுகு லென்ஸின் பரப்பில் 3 மில்லிமீட்டருக்கும் மேல் மேடுபள்ளம் இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். ஒளிக்கான லென்ஸில் அதே அளவுகோலை வைத்தால், அனுமதிக்கப்படும் பிழை ஒரு தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. குயவர் சக்கரத்தில் லென்ஸுக்கு அச்சு வார்க்க முடிவது இதனால்தான்.

லென்ஸை மேசையில் நிறுத்திச் சோதிக்கும்போது அலையை அனுப்பும், கொம்பு போல் வாய் விரிந்த ஆன்டெனா குறைந்தது 6 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அப்போதுதான் லென்ஸை வந்தடையும் அலைமுகப்பு தட்டையானது என்று ஏற்றுக்கொள்ள முடியும். பல ஆய்வகங்களில் மேசையின் நீளமே இரண்டு மீட்டர்தான். ஆகவே நாங்கள் சோதனையைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனோம். உணரியைக் குவியத்தை நோக்கி மெல்ல நகர்த்தினால் மானியின் முள் ஒவ்வொரு ஒன்றரை செ.மீ.க்கும் ஒருமுறை ஏறி இறங்கும். உணரியில் பட்டு எதிரொளித்த அலை, லென்ஸின் முகத்தில் பட்டு மீண்டும் திரும்பி வருவதால் ஏற்படும் நிலையலை அது. அந்த ஏற்ற இறக்கத்தின் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், முள் மிக அதிகமாக ஏறும் இடம் கணக்கிட்ட 30 செ.மீ. தொலைவில் இராது, லென்ஸுக்குச் சில சென்டிமீட்டர் நெருக்கமாகவே இருக்கும். என் மாணவர்கள் முதலில் இதைத் தங்கள் பிழை என்றே நினைத்தார்கள். பத்தே அலைநீளம் அகலமுள்ள லென்ஸில் விளிம்பு விளைவு (விளிம்பில் அலை வளைந்து பரவுவது) இவ்வளவு வலுவாக இருப்பதால், உச்ச வலிமை வடிவியல் குவியத்திலிருந்து லென்ஸின் பக்கமாக இடம்பெயர்ந்துவிடுகிறது. லட்சம் அலைநீளம் அகலமுள்ள ஒளி லென்ஸில் இந்த விலகல் கண்ணுக்குத் தெரியாது. நுண்ணலை மேசை கற்றுத்தருகிற, வேறெங்கும் எளிதில் கற்க முடியாத பாடம் இது.

குவியத்தில் விழும் புள்ளியின் அகலம் ஏறத்தாழ 3 செ.மீ. இருக்கும். அங்குள்ள செறிவு, வந்து விழும் செறிவைப் போல மிஞ்சிப்போனால் 60 மடங்கு. வெயிலில் பிடிக்கும் 5 செ.மீ. உருப்பெருக்கி, 10 செ.மீ. குவியத்தொலைவில் ஏறத்தாழ 3,000 மடங்கு செறிவைத் தருகிறது. கட்டுரை இவ்விரண்டையும் ஒன்றென்று எழுதியதுதான் என் முறையீட்டின் அடிப்படை. இதே மெழுகு லென்ஸை அடுப்பின் அலைநீளத்துக்கு ஏற்ப நான்கு மடங்காக்கினால் விட்டம் 1.2 மீட்டரைத் தாண்டும். மெழுகின் எடை 120 கிலோ ஆகிவிடும். அவ்வளவு செய்தும் கிடைப்பது அதே 60 மடங்கு செறிவும், 12 செ.மீ. அகலமுள்ள ஒரு வட்டமும்தான்.

இந்த உண்மையை 130 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து நடந்தவர் ஜகதீச சந்திர போஸ். 1888-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் தம் மின்காந்த அலைகளை விலகச் செய்வதற்குக் கெட்டி நிலக்கீலால் ஒன்றரை மீட்டர் உயரமும் ஏறத்தாழ 600 கிலோ எடையும் கொண்ட பட்டகத்தை வார்க்க வேண்டியிருந்தது. அவர் அலைகளின் நீளம் அப்படி. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் போஸ், கருவியைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக அலையைச் சிறிதாக்கினார். 5 மில்லிமீட்டர் முதல் 25 மில்லிமீட்டர் வரையான அலைகளை உண்டாக்கியதால், அவருடைய பட்டகமும் லென்ஸும் கொம்பும் ஒரு மேசைமேல் அடங்கின. லென்ஸ் செய்வதற்கு முன் அவர் செய்த வேலைதான் இன்னும் முக்கியமானது. கண்ணாடியின் விலகல் எண் ஒளிக்கு 1.5 என்பது எல்லோருக்கும் தெரியும். நுண்ணலைக்கும் அதுவே என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அளந்து பார்த்தபோது அது 2-க்குச் சற்று மேலே இருந்தது. ஒளியின் எண்ணை நம்பிச் செய்த கண்ணாடி லென்ஸின் குவியம் அந்த அலைக்கு எங்கோ விழுந்திருக்கும். கந்தகத்தின் எண்ணை 1.73-ஐ ஒட்டியது என்று 1895-ல் அளந்து வெளியிட்டார். கந்தகத்தை வார்த்து லென்ஸும் செய்தார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அந்தக் கருவிகளைக் காட்டினார். தண்ணீரை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் பெரிது: ஒளிக்கு அதன் எண் 1.33, அடுப்பின் அலைக்கு 9-ஐ ஒட்டியது, போதாததற்குத் தண்ணீர் அந்த அலையை விழுங்கி வெப்பமாக்கிவிடும். கட்டுரையில் சொல்லப்பட்ட, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை லென்ஸ் ஏன் நடக்காது என்பதற்கு இதுவே விடை.

குவிலென்ஸ் குவிக்கும், குழிலென்ஸ் விரிக்கும் என்று நாம் மனப்பாடம் செய்த விதியும் இங்கு எப்போதும் செல்லாது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வின்ஸ்டன் காக், உலோகத் தகடுகளை இணையாக, அரை அலைநீளத்துக்குச் சற்று மேலான இடைவெளியில் அடுக்கி லென்ஸ் செய்து 1946-ல் அதை வெளியிட்டார். மின்புலம் தகடுகளுக்கு இணையாக இருக்கும்போது, அவற்றின் இடையே செல்லும் அலையின் முகடுகள் வெற்றிடத்தில் போவதைவிட வேகமாக நகரும். ஆற்றல் ஒளியைவிட வேகமாகச் செல்வதில்லை. முகடுகள் மட்டுமே முந்துகின்றன. 3 செ.மீ. அலைக்கு 2 செ.மீ. இடைவெளி விட்டால் விலகல் எண் 0.66 ஆகிறது. எண் ஒன்றுக்குக் கீழே போய்விட்டதால் குவிக்க வேண்டிய லென்ஸ் குழிந்திருக்க வேண்டும். நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடையே 1947-ல் தொடங்கிய நுண்ணலைத் தொலைத்தொடர்புப் பாதையில் இத்தகைய உலோக லென்ஸுகளே பயன்பட்டன. தகரத் தகடும் ரம்பமும் இருந்தால் எந்தப் பாலிடெக்னிக் பட்டறையிலும் இதைச் செய்துபார்க்கலாம்.

உள்ளங்கை அளவு லென்ஸுக்கும் உரிய இடம் உண்டு என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். கார்களில் முன்னால் போகும் வண்டியின் தொலைவை அளக்கும் ரேடார் 77 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அலைநீளம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆறேழு செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் லென்ஸே அங்குப் பதினைந்து அலைநீளங்களுக்கு மேல் கொள்ளும். தென்துருவத்தில் 2010 முதல் 2012 வரை பேரண்டத்தின் இளமைக்காலத்திலிருந்து வரும் பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சை நோக்கிய பைசெப்-2 தொலைநோக்கியின் திறப்பு 26 செ.மீ.தான்; அது நோக்கிய அலையோ 2 மில்லிமீட்டர். அதன் லென்ஸுகள் பாலிஎத்திலீனால் ஆனவை. வேதியியல் நோக்கில் பாலிஎத்திலீன் நம் மெழுகுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த நீண்ட சங்கிலிகள். குயவர் தட்டில் வார்த்த லென்ஸைக் கையில் ஏந்தும் மாணவர், பேரண்டத்தின் பழைய ஒளியைக் குவித்த லென்ஸின் உறவுப் பொருளைத்தான் ஏந்துகிறார் என்று வகுப்பில் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி மேக்னெட்ரான் பற்றி. கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரே வரியில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருக்கும் இந்த யோசனைதான் என்னை உடனே எழுத வைத்தது. அடுப்பின் மின்மாற்றி ஏறத்தாழ 2,000 வோல்ட் தருகிறது. அதனோடு இணைந்த மின்தேக்கியும் டயோடும் சேர்ந்து மேக்னெட்ரானுக்கு 4,000 வோல்ட் வரை கொடுக்கின்றன. மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். தொட்ட கை வழியே பாய்ந்தால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய அளவு அது. ஆய்வக மேசையில் நுண்ணலையை உண்டாக்கும் கன் டயோடு என்ற சிறு குறைகடத்தி தரும் திறன் 10 மில்லிவாட் அளவில் இருக்கும். மேக்னெட்ரான் தருவது 700 முதல் 900 வாட். பெட்டியை விட்டு வெளியே எடுத்த மேக்னெட்ரானிலிருந்து வரும் அந்த அலை கண்ணுக்குத் தெரியாது, வாடை அடிக்காது, தோலில் சூடு உறைப்பதற்குள் கண்ணைத் தாக்கிவிடும். கண்ணின் லென்ஸுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே அங்கு சேரும் வெப்பத்தை எடுத்துச்செல்ல வழியில்லை. கண்புரை விழுவதற்கு அது போதும். பழுதில்லாத அடுப்பிலிருந்து 5 செ.மீ. தொலைவில் ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது என்று பாதுகாப்பு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிரித்துப்போட்ட அடுப்பு எவ்வளவு கொடியது என்பது விளங்கும். சில மேக்னெட்ரான்களின் மின்காப்பு வளையத்தில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். அது உடைந்து தூளானால் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலைக் கெடுக்கும்.

எங்கள் துறையிலேயே ஒரு மாணவர், கண்காட்சிக்காகப் பழைய அடுப்பைப் பிரித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். செருகியைப் பிடுங்கிவிட்டேன், பயமில்லை என்று சொல்லிக்கொண்டே திருப்புளியை உள்ளே விட்டார். பட்டாசு வெடித்தது போன்ற சத்தத்தோடு அதன் முனை கருகிப்போனது. மரப்பிடி இருந்ததால் பிழைத்தார். அன்று அவர் திருப்புளிக்குப் பதில் விரலை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

லென்ஸ் வடிவமைப்பைக் கற்க அடுப்பு தேவையே இல்லை. 10 மில்லிவாட் கன் டயோடும், 2 கிலோவுக்குள் மெழுகும், ஒரு துத்தநாகத் தகடும் போதும். நுண்ணலை மேசை உள்ள கல்லூரிகள் ஆண்டுக்கு ஒரு நாளாவது பக்கத்துப் பள்ளி மாணவர்களை அழைத்து, ஆசிரியர் உடனிருக்க இதைச் செய்துகாட்டினால், பதினோராம் வகுப்பு மாணவரால் கணக்கிட்டு, வார்த்து, அளந்து பார்த்துவிட முடியும். வளைவுக்கான அளவுகளை மேலே கொடுத்திருக்கிறேன். வேறு குவியத்தொலைவுக்குச் செய்ய விரும்புவோர் எல்லா எண்களையும் ஒரே விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம் அல்லது குறைத்துக்கொள்ளலாம்.

கட்டுரையைப் படித்த மாணவர்கள் விடுமுறையில் பழைய அடுப்பைத் தேடிக் கிளம்புவதற்கு முன் இத்திருத்தம் அவர்கள் கண்ணில் பட வேண்டும். எனவே இடம் போதாவிட்டால் இக்கடிதத்தின் மற்றப் பகுதிகளைக் குறைத்துக்கொண்டாலும், மேக்னெட்ரான் பற்றிய பத்தியை மட்டும் முழுமையாக, கட்டுரை வந்த அதே மாணவர் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.